'ஒன்லி' என்னும் தேற்றம்

தொண்டூர்க்காரர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் ஊரைக் கேட்டால், "ஐ ஆம் ஃப்ரம் தொண்டூர் ஒன்லி" என்று பதில் வர நிறையவே வாய்ப்புண்டு. பக்கத்துச் செஞ்சியிலும், கொஞ்சம் தள்ளித் திண்டிவனத்திலும், சென்னையின் பெரிய அலுவலகங்களிலும் இதே வார்ப்பில் வாக்கியங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. "ஹி இஸ் இன் த ஆபீஸ் ஒன்லி." "ஐ டோல்ட் யூ யெஸ்டர்டே ஒன்லி." லண்டனிலிருந்து வந்தவருக்கு முதல் வாக்கியமே இடறும். எல்லாருக்கும் சொந்த ஊர் ஒன்றுதானே, அதில் 'மட்டும்' என்று சொல்ல என்ன இருக்கிறது என்று யோசிப்பார். நமக்கு இடறல் எதுவும் இல்லை. "நான் தொண்டூர்தான்" என்ற வாக்கியம் ஆங்கில உடுப்பில் வந்திருக்கிறது, அவ்வளவே.

பள்ளியில் இதைச் சிவப்பு மையால் அடிப்பார்கள். இந்தியர்களின் ஆங்கிலத்தில் பிழை பொறுக்குவது பழைய தொழில். பம்பாய் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற விட்வொர்த், இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் மரபு வழுக்களை ஆராய்ந்து 1907இல் ஒரு நூலே வெளியிட்டார். அதற்குப் பிறகு வந்த பட்டியல்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் பெரும்பாலானவை வழு எது என்று காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அது ஏன் கோடிக்கணக்கானவர் வாயில் ஒரே மாதிரி வருகிறது என்ற கேள்விக்குள் அவை போவதில்லை. அறியாமையால் வரும் பிழை ஆளுக்கொரு விதமாகச் சிதறியிருக்கும். எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே சொல்லை வைத்தால், அடியில் ஓர் இலக்கணம் வேலை செய்கிறது என்று பொருள்.

அந்த இலக்கணத்துக்குப் பெயர் தேட ஆங்கிலப் புத்தகங்களுக்குப் போக வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் இடையியல், ஏகார இடைச்சொல்லுக்கு ஐந்து பொருள் கூறுகிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. நமக்கு வேண்டியவை இரண்டு: பிரிநிலையும் தேற்றமும்.

ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது பிரிநிலை. பத்துப் பேரில் "இவனே திருடன்" என்றால் மற்ற ஒன்பது பேரும் விலகிவிடுகிறார்கள். தேற்றம் யாரையும் விலக்காது. ஐயத்தைத்தான் விலக்கும். "அவன் வந்தான்" என்பது செய்தி. "அவன் வந்தானே!" என்பது, வரவில்லை என்று நினைத்தவருக்குச் சொல்லும் உறுதி. தேற்றத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடிய பழைய உரைகாரர்கள், மறுமை உண்டு என்று அடித்துச் சொல்லும் தொடரைக் காட்டினார்கள். இருக்கிறதா இல்லையா என்று மனிதர் ஓயாமல் சந்தேகப்படும் பொருளுக்குத்தானே இத்தனை உறுதி தேவைப்படும்!

இரண்டுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. ஐயம் என்பதே பல வழிகள் எதிரே நிற்கும் நிலை. ஆளை விலக்கினால் பிரிநிலை, மறுப்பை விலக்கினால் தேற்றம். அதனால்தான் தமிழ் இரண்டையும் ஒரே ஏகாரத்திடம் ஒப்படைத்தது. பேச்சுத் தமிழில் அந்தச் சுமையில் பெரும்பங்கைத் 'தான்' வாங்கிக்கொண்டது. "அவன்தான் எடுத்தான்" என்றால் பிரிநிலை. "நல்லாத்தான் இருக்கு" என்றால் தேற்றம் (சொல்பவரின் குரலைப் பொறுத்து அரைமனதும் கலந்திருக்கலாம்).

ஆங்கிலத்தின் 'ஒன்லி' அப்படியல்ல. 'ஒன்று' என்ற எண்ணிலிருந்து பிறந்த சொல் அது. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று போன்றது, தனியானது' என்று பொருள். பிறவியிலேயே பிரிநிலைச் சொல் என்பதால், தேற்றம் அதன் குணத்தில் கிடையாது. தமிழில் அதற்கு நேரான சொல் 'மட்டும்'. இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு காசோலையை எடுத்துப் பார்த்தால் போதும். ஆங்கிலத்தில் தொகையை எழுத்தால் எழுதி 'ஒன்லி' என்று முடிப்பார்கள். அதே தொகையைத் தமிழில் எழுதும்போது "ரூபாய் ஐயாயிரம் மட்டும்" என்கிறோம். பின்னால் ஒருவர் வந்து 'முந்நூறு' என்று ஒட்டிவிடாதபடி வைத்த பூட்டு அது. "ரூபாய் ஐயாயிரம்தான்" என்று யாரும் காசோலை எழுதுவதில்லை. எழுதினால், இவ்வளவுதானா என்ற அலுப்போ, விலை மலிவு என்ற கூவலோ அதில் கேட்கும்.

ஆகத் தமிழரிடம் இரண்டு சொல் உண்டு: விலக்க மட்டும் தெரிந்த 'மட்டும்', விலக்கவும் தேற்றவும் தெரிந்த 'தான்'. ஆங்கிலத்திடம் இருப்பது முன்னதற்கு ஈடான ஒரு சொல். பின்னதற்கு ஈடு தேடிய தமிழர், அதே சொல்லைக் கொஞ்சம் இழுத்து நீட்டிக்கொண்டார். நீட்டும்போது இடத்தையும் மாற்றினார். ஆங்கில மரபில் 'ஒன்லி' பெரும்பாலும் தான் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் நிற்கும். நம்மவர் அதைப் பின்னால் வைக்கிறார். 'தான்' நிற்கும் இடம் அது. தமிழின் இடைச்சொற்கள் வால் போலப் பின்னால்தான் ஒட்டும். அந்த ஒழுங்கை ஆங்கிலத்துக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறோம்.

கதையின் இன்னொரு பாதி 'இட்செல்ஃப்'. "டுடே இட்செல்ஃப் ஐ வில் சென்ட்", "இன் செஞ்சி இட்செல்ஃப் வி காட் இட்" போன்றவற்றைப் பார்த்தால், அங்கே வந்திருப்பது 'தான்' அல்ல, ஏகாரம் என்பது தெரியும்: "இன்னைக்கே அனுப்பிடறேன்", "செஞ்சியிலேயே கிடைச்சிடுச்சு". தமிழ்க் காதுக்கு இரண்டும் வேறு. "இன்னைக்கே வந்தேன்" என்றால், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தேன். "இன்னைக்குத்தான் வந்தேன்" என்றால், அதற்கு முன்னால் வரவில்லை, தாமதம். செஞ்சியிலேயே கிடைத்தது என்றால் திண்டிவனம் வரை போகும் அலைச்சல் மிச்சம். செஞ்சியில்தான் கிடைத்தது என்றால் மற்ற இடமெல்லாம் தேடிக் களைத்தாயிற்று. ஏகாரம் எதிர்பார்ப்புக்கு இப்பால் நிற்கிறது, 'தான்' அப்பால் நிற்கிறது. இந்த நுட்பமான பாகப்பிரிவினையை இந்திய ஆங்கிலம் கூடியவரை காப்பாற்றுகிறது. 'தான்' வரும் இடத்துக்கு 'ஒன்லி', காலத்தையும் இடத்தையும் முன்னிழுக்கும் ஏகாரத்துக்கு 'இட்செல்ஃப்'. எப்போதும் இப்படிச் சுத்தமாகப் பிரியும் என்று சொல்ல மாட்டேன். பேச்சில் கலப்பும் உண்டு. ஆனால் போக்கு தெளிவாகவே தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 'தான்' என்பது முதலில் தன்னைக் குறிக்கும் பெயர்ச்சொல். 'அவன் தான் பெரியவன் என்று நினைக்கிறான்' என்கிறோமே, அந்தத் தான். மலையாளத்தின் 'தன்னெ'யும் அதன் உறவு. ஆங்கிலத்தின் 'செல்ஃப்' குடும்பமும் அழுத்தம் கொடுக்கப் பயன்படுவதுதான். அரசனே நேரில் வந்தான் என்பதை அவர்கள் 'ஹிம்செல்ஃப்' போட்டுச் சொல்கிறார்கள். ஆள், பொருள் ஆகியவற்றோடு அது நிற்கும். 'இன்று' என்ற காலச்சொல்லோடு ஒட்டுவதற்குத்தான் அவர்கள் காது ஒப்பவில்லை. ஒரு மொழி தன் கதவை முக்கால்வாசி திறந்து வைத்திருக்க, மிச்சக் கால் பங்கை நாம் திறந்துவிட்டோம்.

'இன்னைக்கே' என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லே இல்லையா? உண்டு. 'வெரி'. நமக்கு 'ரொம்ப' என்ற பொருளில் பழகிய அதே சொல். அது பிரெஞ்சு வழியாக வந்தது. மூலப் பொருள் 'மெய்யான' என்பது. பழைய கவிஞர் சாசரின் காலத்து ஆங்கிலத்தில் அது மெய்யையே குறித்தது. பிறகு மெய் தேய்ந்து அளவு மட்டும் மிஞ்சியது. பழைய பொருளின் எச்சமாக "திஸ் வெரி டே" என்ற வழக்கு நின்றுவிட்டது. இன்றைக்கே என்ற தேற்றம் அச்சொட்டாக அதில் இருக்கிறது. ஆனால் அது ஏட்டு வாசனை அடிக்கும் தொடர். கடைத்தெருவில் நின்று சொல்ல முடியாது. எனவே வாழும் சொல் ஒன்றைத் தேடியவர்களுக்கு 'இட்செல்ஃப்' அகப்பட்டது.

மெய் தேய்ந்து அளவாகும் வழி நமக்கும் தெரிந்ததே. 'நெஜமா', 'சத்தியமா', 'உண்மையிலேயே' என்பவை முதலில் சாட்சிச் சொற்கள். இன்று "சத்தியமா சூப்பரா இருக்கு" என்பவர் எந்தச் சத்தியமும் பண்ணுவதில்லை. ஆங்கிலத்தின் 'ரியலி', 'லிட்ரலி' இரண்டும் போன பாதையும் இதுதான். எழுத்துக்கு எழுத்து என்று பொருள்பட்ட 'லிட்ரலி', வெறும் அழுத்தமாகத் தேய்ந்துவிட்டதை ஆக்ஸ்போர்டு அகராதி 2011இல் பதிவு செய்தது. 2013இல் அது பத்திரிகைகளின் கண்ணில் பட்டுப் பெரிய புலம்பலானது. அகராதியோ அந்த வழக்குக்கு 1769இல் வந்த ஒரு நாவலிலிருந்தே சான்று வைத்திருக்கிறது. நம் பக்கம் பார்த்தால், நன்னூல் மிகுதிக்குச் சொன்ன சால, உறு, தவ, நனி, கூர், கழி என்ற ஆறில் ஒன்றும் இன்று தெருவில் தனியாக நடமாடுவதில்லை. 'சாலச் சிறந்தது', 'உறுதுணை', 'கூர்ந்து' என்று தொகைகளுக்குள் பதுங்கி வாழ்கின்றன. ஆந்திரத்தில் மட்டும் 'சாலா' இன்னும் ராஜநடை போடுகிறது. அவற்றின் இடத்துக்கு வந்த 'நிரம்ப' முன்னெழுத்தை உதிர்த்து 'ரொம்ப' ஆனது. கன்னடரின் 'தும்ப'வும் நிறைதலைக் குறித்த சொல்தான். 'மெத்த' என்பது, 'மெத்தப் படித்தவர்' என்ற கேலியில் ஒதுங்கிவிட்டது. 'பயங்கரமா நல்லாருக்கு' என்பது ஆங்கிலத்தாரின் 'டெரிப்ளி குட்' போலவே அச்சத்தைக் கரைத்துக் குடித்த வாக்கியம்.

மிகுதிச் சொற்கள் இப்படித் தேய்ந்து மாறிக்கொண்டே இருக்க, தேற்ற ஏகாரம் ஈராயிரம் ஆண்டாக அசையாமல் நிற்கிறது. அதன் வேலை அளவைக் கூட்டுவதல்ல என்பதே காரணம் என்று நினைக்கிறேன். 'ரொம்ப' ஓயாமல் கூவுவதால் குரல் கம்மிவிடுகிறது. ஏகாரம் சொல்லுக்கு இடம் குறிப்பதோடு சரி.

இந்த இடம் குறிக்கும் வேலையை இந்தியத் தருக்கவாதிகள் மிகக் கூர்மையாக ஆராய்ந்தார்கள். வடமொழியில் ஏகாரத்துக்கு ஈடான சொல் 'ஏவ'. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி, அது எந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறதோ அதைப் பொறுத்துப் பொருள் மாறும் என்று காட்டினார். அவருடைய எடுத்துக்காட்டுகளைத் தமிழில் சொன்னால் விளக்கமே தேவைப்படாது. "பார்த்தனே வில்லாளி" என்றால் வேறு யாரும் அவனுக்கு இணையான வில்லாளி அல்லர். "சைத்திரன் வில்லாளியே" என்றால் அவனுக்கு வில் தெரியாது என்ற ஐயம் வேண்டாம், மற்றவருக்கும் தெரியலாம். முன்னது பிரிநிலை, பின்னது தேற்றம். நீலத் தாமரையைக் கொண்டு மூன்றாவதொரு வகையையும் அவர் சொன்னார். தாமரை நீலமாக இருப்பதுண்டு, ஒருபோதும் இராது என்று எண்ண வேண்டாம் என்பது அதன் கருத்து.

சமணர்களுக்கு இந்த இடைச்சொல் இன்னும் நெருக்கம். எதையும் ஒரு கோணத்தில் நின்றே சொல்ல முடியும் என்ற அநேகாந்தத்தின் வாக்கிய வடிவத்தில், 'ஸ்யாத்' என்ற வரம்புச் சொல்லோடு 'ஏவ' என்ற உறுதிச் சொல்லும் சேர்ந்து நிற்கிறது. "ஒரு வகையில் உண்டு" என்று மட்டும் சொன்னால் அது மழுப்பல் என்று எதிராளி கேலி செய்வான். "ஒரு வகையில் உண்டே" என்றால், அந்த வகைக்குள் ஐயமில்லை. பணிவும் உறுதியும் ஒரே மூச்சில்!

தொண்டூர் இந்தச் சமணத்தின் ஊர். அங்குள்ள குன்றில் கற்படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைக் கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் வைக்கிறார். இளங்காயிபன் என்பவர் ஏவ, மோசி என்பவர் செய்வித்த அறம் அது. அதில் குறிக்கப்படும் அகழூர், பக்கத்தில் இன்றும் அகலூர் என்ற பெயரோடு சமணர் வாழும் ஊராக இருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு உண்டு. இன்றைய எழுத்தாளரிடம் அந்தச் செய்தியைக் கொடுத்தால் மிகுதிச் சொற்களை அள்ளிக் கொட்டியிருப்பார். கல்வெட்டில் ஒன்றும் கிடையாது. எண்ணை முன்னால் வைத்துவிட்டு அடங்கிவிடுகிறது. அழுத்தத்துக்குச் சொல் வேண்டும் என்பதில்லை, இடம் போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். தமிழ்ச் சமணரின் மடம் இதே வட்டாரத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது. நன்னூலைச் செய்த பவணந்தியும் சமண முனிவரே என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

செஞ்சி இன்னொரு வகையிலும் இந்த ஆராய்ச்சிக்கு வாய்த்த ஊர். தமிழ் மண்ணில் தெலுங்கு பேசிய நாயக்கர்கள் ஆண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர்ப் படையோடு தக்கனி உருது வந்தது. 1677இல் சிவாஜி பிடித்தார். 1690 முதல் 1698 வரை ராஜாராமின் மராட்டிய அரசவையே கோட்டைக்குள் முற்றுகையில் இருந்தது. பிறகு முகலாயர், 1714இல் உயிர்விட்ட தேசிங்கு, ஆர்க்காட்டு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இத்தனை பேரும் ஒரு செய்தியை 'இப்பவே' அனுப்பச் சொல்லியிருப்பார்கள். தமிழர் 'இப்பவே' என்பார், தெலுங்கர் 'இப்புடே' என்பார். மராட்டியர் 'ச்' ஒலியைப் பின்னால் ஒட்டி 'ஆத்தாச்' என்பார். மராட்டியிடமிருந்து அதையே கடன் வாங்கிய தக்கனிக்காரர் 'அபீச்' என்பார். தில்லியிலிருந்து வந்தவர் 'அபீ' என்பார். இந்தியின் 'ஹீ' அதற்குள் கரைந்திருக்கிறது. திராவிடமோ வடபுலத்ததோ, எல்லாவற்றிலும் சொல்லின் வாலில் ஒட்டும் ஒரு சிற்றொலி. பிரெஞ்சுக்காரரிடமும் ஏறக்குறைய அது உண்டு. 'ஓழூர்துய் மேம்' என்று 'இன்று' என்பதன் பின்னால் அவர்கள் வைக்கும் 'மேம்', நம் ஏகாரத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி. புதுச்சேரியில் பிரெஞ்சு பேசிய தமிழருக்கு இந்தச் சிக்கல் நேர்ந்திருக்க வேண்டியதில்லை. கடைசியாக வந்து நிலைத்த ஆங்கிலத்திடம்தான் அந்த வால் இல்லை. அது குரலை உயர்த்தியே காரியம் சாதிக்கும் மொழி. அச்சில் எழுத்தைச் சாய்ப்பார்கள், பேச்சில் சொல்லை அழுத்துவார்கள். அழுத்தி உச்சரிக்கும் அந்தப் பழக்கம் நம் நாவுக்கு வாய்க்காததால், 'ஒன்லி'யை அமர்த்திக்கொண்டோம்.

செஞ்சியில்தான் 'ஒன்லி' பிறந்தது என்று சொல்ல வரவில்லை. இந்தி, மராட்டி, தமிழ், தெலுங்கு என்று எந்தத் தாய்மொழிக்காரரின் ஆங்கிலத்திலும் அது முளைக்கிறது. ஒரே தேவை பல இடத்தில் ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கிறது. மொழியியலாளர் ராகேஷ் பட் 2000ஆம் ஆண்டளவில் இதை இந்திய ஆங்கிலத்தின் இலக்கண விதியாக எடுத்து ஆராய்ந்தார். கிளாடியா லாங்கே, உலக ஆங்கிலங்களின் தொகுப்பில் இந்தியாவுக்குரிய பத்து லட்சம் சொல் கொண்ட பகுதியை வைத்து 'ஒன்லி', 'இட்செல்ஃப்' இரண்டையும் 2007இல் கட்டுரையாக்கினார். முன்னிறுத்தும் சொற்கள் என்ற தலைப்பில் அவர்கள் கொண்டுவரும் பொருளைத் 'தேற்றம்' என்ற நம் பழைய சொல் சிக்கனமாகச் சொல்லிவிடுகிறது. இந்திய ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் இடையியலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பாதி குழப்பம் தீரும் என்பது என் எண்ணம்.

ஆங்கிலேயர் தங்களுக்குள்ளேயே 'ஒன்லி'யின் இடம் பற்றிச் சண்டை போட்டவர்கள் என்பதும் மறக்கத்தக்கதல்ல. அது எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதை ஒட்டியே நிற்க வேண்டும் என்று இலக்கணவாதிகள் அடம்பிடித்தார்கள். பேச்சில் அது வினைக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். 1926இல் ஃபவுலர் தம் புகழ்பெற்ற கையேட்டில் பேச்சு வழக்கின் பக்கம் நின்று அந்த இலக்கணவாதிகளைக் கிண்டல் செய்தார். சொந்த வீட்டிலேயே இடம் உறுதியாகாத சொல், நம் வீட்டுக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்ததைப் பெரிய குற்றமாகப் பேசுவது கொஞ்சம் அதிகம்.

நடைமுறையில் இடர் வராமல் இல்லை. "மீட்டிங் இஸ் ஆன் மண்டே ஒன்லி" என்று சென்னையிலிருந்து மின்னஞ்சல் போனால், திங்கள்தான், சந்தேகம் வேண்டாம் என்பது எழுதியவர் கருத்து. மான்செஸ்டரில் படிப்பவர், வேறு எந்த நாளும் கூட்டம் கிடையாது என்று எடுத்துக்கொள்வார். தேற்றம் பிரிநிலையாகப் படிக்கப்படும் இடம் இது. ஒப்பந்தத்திலும் அறிவிப்பிலும் இந்த இடைவெளி காசு கேட்கும். அங்கே எழுதும்போது, எதை விலக்குகிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பேச்சில் அந்தக் காவல் வேண்டியதில்லை. முகமும் குரலும் பக்கத்தில் இருக்கின்றன.

அறியாமை என்ற குற்றச்சாட்டை முழுவதும் உடைப்பது வேறொரு செய்தி. அதை ஆங்கிலத்தில் தேடக்கூடாது, தமிழுக்குள் தேட வேண்டும். நம் பேச்சு ஆங்கில அழுத்தச் சொற்களைத் தாராளமாக வாங்கியிருக்கிறது. 'லி' என்ற வாலை வெட்டிவிட்டு, 'ஆக' என்பதன் எச்சமான 'ஆ'வை ஒட்டி 'டோட்டலா', 'கம்ப்ளீட்டா', 'ஆக்சுவலா' என்கிறோம். 'ஒன்லி'யும் வந்திருக்கிறது: "ஒன்லி ரெண்டு பேர்தான் வந்தாங்க", "ஒன்லி கேஷ்", "ஒன்லி வெஜ் சாப்பிடுவேன்". கவனித்தால், இங்கே அது சொல்லுக்கு முன்னால் நிற்கிறது. பொருளும் சுத்தமான 'மட்டும்'. லண்டன்காரர் வைக்கும் அதே இடம், அதே பொருள். "நான் தொண்டூர் ஒன்லி" என்று தமிழ் வாக்கியத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தமிழில் 'தான்' கையருகே இருக்கிறபோது, தேற்றத்துக்கு 'ஒன்லி'யைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. ஆக, ஒரே மனிதர் தமிழ் பேசும்போது ஆங்கில 'ஒன்லி'யை ஆங்கில இலக்கணப்படியும், ஆங்கிலம் பேசும்போது அதையே தமிழ் இலக்கணப்படியும் வழங்குகிறார். "ஒன்லி ரெண்டு பேர்தான்" என்ற தொடரில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. முன்னால் பிரிநிலைக்கு 'ஒன்லி', பின்னால் தேற்றத்துக்குத் 'தான்'.